ஏழாம் நம்பர் வண்டி

மெக்கானிக் தேவநாதன் வைத்த சிவப்பு பெயிண்ட்டை உடைத்தவர்கள் அவர் ஷெட்டு வாசலை மறுபடி மிதிக்க முடியாது. விழுப்புரத்தில் கார் வைத்திருக்கிற எல்லோருக்கும் இது தெரியும். ஸ்பார்க் பிளக்குகளுக்கு நெருப்பு அனுப்புகிற டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி, நெருப்பு விழும் நேரமான டைமிங் வைத்து முடித்ததும், அதைப் பிடித்திருக்கிற போல்ட்டின் தலையில் தீக்குச்சி முனையால் ஒரு சொட்டு சிவப்பு பெயிண்ட் வைப்பார். அதற்குப் பிறகு அந்த போல்ட்டில் ஸ்பேனர் போட உலகத்தில் அவர் ஒருவருக்குத்தான் அதிகாரம். வேறு யாராவது போட்டால் பெயிண்ட் விரிசல் விட்டு அவருக்குக் காட்டிக்கொடுத்துவிடும்.

பாக்கியமேரியின் அம்பாசிடரில் அவர் அந்த பெயிண்ட்டை வைப்பது அது நான்காவது தடவை. 2004, சித்திரை வெயில், புதன்கிழமை காலை பதினொரு மணி. பானெட் திறந்திருக்க, இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

"இப்ப கேளும்மா. சத்தம் எப்படி இருக்குது? பால் மாதிரி இல்ல?" என்றார்.

"இங்க எப்பவும் நல்லாத்தாண்ணே இருக்குது. விக்கிரவாண்டி தாண்டி ஆளை ஏத்திக்கினு ஒரு மேடு ஏறுனா மல்லாட்டை வறுக்குது."

மணலில் மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, வறுக்கும்போது படபடவென்று ஒரு சத்தம் வருமே, அதேதான். மேட்டில் ஆக்சிலேட்டரை மிதித்தால் இன்ஜினுக்குள் அந்தச் சத்தம் கிளம்பும், டிரைவர்கள் பாஷையில் நாக்கிங். பின்னாலேயே சூடு காட்டுகிற முள் ஏறும், வண்டி இழுவை விட்டுவிடும்.

"பெட்ரோல மாத்திப் பாரு."

"மூணு பங்க்குல போட்டுப் பாத்துட்டேன்."

"அப்ப ஓட்டுற ஆளத்தான் மாத்தணும்" என்றார் தேவநாதன். தங்கள் வண்டிகளுக்காகக் காத்துக்கொண்டிருந்த இரண்டு டிரைவர்கள் பல்லைக் காட்டிச் சிரித்தார்கள்.

பாக்கியமேரிக்குக் காது மடல் சுட்டது. நாற்பத்து மூன்று வயதில், ஒன்றரை வருடமாக வாடகை வண்டி ஓட்டுகிறவளுக்கு கியர் மாற்றத் தெரியாதாம். பதிலுக்கு அவளிடமும் நாலு வார்த்தை இருந்தது. ஆனால் வெள்ளிக்கிழமைக்கு இரண்டே நாள்தான் இருந்தது, அதனால் அந்த நாலு வார்த்தையையும் விழுங்கிவிட்டாள்.

வெள்ளிக்கிழமை என்ன என்றால், அன்று தொண்ணூறாவது நாள்.

திண்டிவனம் கார் ஸ்டாண்டில் பதினாறு வண்டிகள், பதினாறு நம்பர்கள். யார் சவாரி யாருக்கு என்பதை அந்த நம்பர்தான் தீர்மானிக்கும். ஒரு வண்டி தொண்ணூறு நாள் வரிசைக்கு வராவிட்டால் நம்பர் கைமாறிவிடும். புது வண்டியோ, இன்ஜின் மாற்றிய வண்டியோ வந்தால், அது ஐந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு முருகன் கோயில் இருக்கிற மயிலம் மலை ஏற வேண்டும். பாரம் குறைக்கவோ தள்ளவோ நடுவழியில் ஒருவரும் இறங்கக் கூடாது. மேலே போனதும் ஸ்டாண்டுச் செயலாளர் சீனுவாசன் தேங்காய் உடைத்து ஒரு மூடியை வண்டிக்காரர் கையில் கொடுப்பார். மூடி கைக்கு வந்தால் நம்பர் அவருடையது. இதில் ஆர்டிஓ, அரசாங்கச் சட்டம் எதுவும் கிடையாது. ஸ்டாண்டுக்காரர்களுக்கு அந்த மலைதான் ஆர்டிஓ.

ஏழாம் நம்பர் அவள் புருஷன் சூசைமுத்து 1993-ல் வாங்கியது. ஊருக்கு வெளியே இருக்கிற காலனியிலிருந்து அந்த ஸ்டாண்டுக்கு வந்த முதல் வண்டி அது. அன்றைக்கும் இதே சீனுவாசன்தான் செயலாளர். இதே அம்பாசிடர் பழைய இன்ஜினில் ஐந்து பேரோடு முனகாமல் மலை ஏறியது, சீனுவாசன் தேங்காய் உடைத்தார், மூடியை எடுத்து வந்து சூசைமுத்து நீட்டிய கையைத் தாண்டி பானெட் மேல் வைத்துவிட்டுப் போனார். மற்ற பதினைந்து பேருக்கும் கையில் கொடுத்தவர்தான். சூசைமுத்து சிரித்துக்கொண்டே அதை எடுத்து வந்து, "தேங்கா தேங்காதானே புள்ள, துவையல் அரை" என்றான். அவள் அரைத்தாள். ஆனால் சிரிக்கவில்லை, அந்தத் துவையலை வாயில் வைக்கவும் இல்லை. அவன் நல்ல மனுஷன், எதையும் சிரித்துத் தாண்டிவிடுவான். அவளுக்கு அந்த வித்தை வரவில்லை.

மஞ்சள் காமாலை சூசைமுத்துவைக் கொண்டுபோன பிறகு வண்டியை விற்றுவிடுவாள் என்று ஸ்டாண்டு முழுக்கக் காத்திருந்தது. கூலிக்கு ஒரு டிரைவரை வைத்து நம்பரைக் காப்பாற்றிக்கொண்டே, ஏழு மாதத்தில் அவள் லைசென்ஸும் பேட்ஜும் எடுத்துக்கொண்டு வரிசையில் ஏழாவதாக வந்து வண்டியை நிறுத்தினாள். சீனுவாசன் ஸ்டாண்டு நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பொம்பளை ஓட்டக் கூடாது என்று எழுதி வைக்க யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

போன தை மாதம் செங்கல்பட்டிலிருந்து திரும்பும் வழியில் பழைய இன்ஜினின் பிளாக் வெடித்தது. தேவநாதன்தான் புதுச்சேரியில் வண்டி உடைக்கிற இடத்தில் ஒரு இன்ஜினைக் கண்டுபிடித்தார். பின்னால் லாரி மோதி டிக்கி பின்சீட்டு வரைக்கும் வந்துவிட்ட புது மாடல் அம்பாசிடர். முன்பக்கம் கீறல் இல்லை. கார்புரேட்டர் கிடையாது, பெட்ரோலை இன்ஜெக்டர் பீய்ச்சும், கம்ப்யூட்டர் கணக்குப் பார்க்கும். ஆனால் பழைய காலத்து டிஸ்ட்ரிபியூட்டரும் இருந்தது, தேவநாதனுக்கு அதைப் பார்த்ததும் தைரியம் வந்துவிட்டது. இன்ஜின் உட்கார்ந்தது, ஆர்டிஓ ஆபீசில் புது இன்ஜின் நம்பர் ஆர்சி புத்தகத்தில் ஏறியது. மேட்டில் மல்லாட்டை வறுபடுவது மட்டும் நிற்கவில்லை. சீனுவாசனின் மச்சான் இதற்குள் ஒரு வண்டி வாங்கி ஏழாம் நம்பருக்கென்றே கழுவித் துடைத்து நிறுத்தியிருந்தான்.

"அண்ணே, இன்னொரு தடவ திருப்புங்க. நான் பாக்கணும்" என்றாள் பாக்கியமேரி.

பார்க்கிறேன் என்று யாராவது சொன்னால் தேவநாதனுக்கு உற்சாகம் வந்துவிடும். போல்ட்டைத் தளர்த்தினார். இடது உள்ளங்கையை இன்ஜின் மேல் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, வலது கையால் டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு மயிரிழை திருப்பினார். முப்பது வருடமாக அவர் இப்படித்தான். டைமிங் லைட் என்று ஒன்று கடையில் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், தன் காதைத் தொட்டுக் காட்டுவார்.

அவள் காதைக் கூர்மையாக வைத்துக்கொண்டாள். அவர் திருப்பியதும் இன்ஜின் சத்தம் ஏறியது. இரண்டு மூச்சு விடுகிற நேரம். பிறகு தானாக இறங்கிப் பழைய இடத்துக்கு வந்து நின்றது. அவர் கை அசையவே இல்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினார், சத்தம் ஏறியது, மறுபடி இறங்கி அதே இடத்துக்கு வந்தது. கல்யாணமான புதிதில் அவளும் மாமியாரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் ஒரே குழம்பைச் சரி பண்ணிக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. இவள் உப்புப் போடுவாள், அவர் தண்ணீர் ஊற்றுவார். ருசி பார்க்கிறபோது சரியாகத்தான் இருக்கும், ஆனால் சட்டியில் என்ன இருக்கிறது என்று இரண்டு பேருக்குமே தெரியாது.

"அண்ணே, நீங்க திருப்புனா சத்தம் மாறுது. அப்பறம் தானா பழையபடி ஆவுது. அத யாரு பண்றாங்க?"

"இன்ஜின் செட்டாவுதும்மா."

"நீங்க திருப்புறதுக்கு எதிரா செட்டாவுதே. உள்ள இன்னொருத்தர் உக்காந்துகினு திருப்புறாரு போலக்குதே."

தேவநாதன் கண்ணைத் திறந்தார். "எனக்கே கிளாஸ் எடுக்குறியா? கம்ப்யூட்டரத் தூக்கிக் கடாசிட்டு கார்புரேட்டர் மாட்டித் தர்றேன். பத்து நாள் ஆவும். அதான் இதுக்கு வழி. சும்மா பேஜாரு பண்ணாத."

பத்து நாள் அவளிடம் இல்லை. அவர் போல்ட்டை இறுக்கி, பழைய பெயிண்ட்டைச் சுரண்டிவிட்டு, புதுச் சொட்டு வைத்தார்.

மறுநாள் காலை அவள் கண்டமங்கலம் வழியாக வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டு குயிலாப்பாளையம் போனாள். அங்கே அவள் அக்கா ரோஸ்லினின் மகள் கிளாரா, ஆரோவில் ஒர்க்‌ஷாப் ஒன்றில் மோட்டார் பம்புகளின் கன்ட்ரோல் போர்டுகளைப் பழுது பார்க்கிறாள். எதிலும் மின்சாரம் எப்படிப் போகிறது என்று பார்த்துச் சொல்லிவிடுவாள். சித்தி சொன்ன குழம்புக் கதையை முழுதாகக் கேட்டாள். சிரித்தாள். பிறகு உள்ளே போய் ஒர்க்‌ஷாப் கம்ப்யூட்டரில் அரை மணி நேரம் தேடி, இரண்டு தாள் அச்செடுத்து வந்தாள்.

"நீ சொன்னது கரெக்ட்டு சித்தி. அந்தக் கம்ப்யூட்டரு பெட்ரோல மட்டும் பாக்குறது இல்ல. ஸ்பார்க் பிளக்குல எப்ப நெருப்பு விழணும்னும் அதுதான் பாக்குது. மேஸ்திரி திருப்பத் திருப்ப, அது சத்தத்தச் சரி பண்ணிக்கினே வருது. அவரு நல்லாருக்குன்னு நெனச்சி இன்னும் தள்ளிட்டாரு. சும்மா நிக்கறப்ப கம்ப்யூட்டரு சமாளிச்சிருது. மேட்டுல பாரம் வந்தா அதால முடியல."

"அப்ப எப்படித்தான் வெக்கிறது?"

"வெக்கிற வரைக்கும் அத சும்மா இருன்னு சொல்லணும். அதுக்குன்னே ரெண்டு பின் பிளக்கு ஒண்ணு இருக்கும். எதுலயும் மாட்டாம தனியா தொங்கிக்கினு இருக்கும். அந்த ரெண்டு பின்னையும் ஒரு வயரால சேத்துட்டா கம்ப்யூட்டரு கையக் கட்டிக்கினு உக்காந்துரும். அப்ப டிஸ்ட்ரிபியூட்டரத் திருப்பணும். முடிஞ்சதும் வயர எடுத்துரணும்."

எதிலும் மாட்டாமல் தனியாகத் தொங்குகிற பிளக்கு. பாக்கியமேரி அதைப் பார்த்திருக்கிறாள். இன்ஜின் வந்து இறங்கிய வாரம், தேவநாதன் வயர்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது அவள் பக்கத்தில்தான் நின்றாள். அவர் ஷெட்டிலிருந்து போகிற வண்டியில் ஒரு வயர் தொங்காது. அதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. பச்சை நிறத்தில் சின்னதாக ஒரு பிளக்கு தொங்கியது. அது எங்கேயும் சேரவில்லை என்று இரண்டு தடவை தேடிப் பார்த்துவிட்டு, கட்டிங் பிளேயரால் நறுக்கித் தூர எறிந்தார். மிச்சத்தைச் சுருட்டி டேப் சுற்றினார். "சுத்தமா இருக்குதுண்ணே" என்று அவளே பாராட்டியிருந்தாள். இப்போது அந்தப் பாராட்டை நினைத்தால் தன் தலையில் தானே குட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

இருவரும் பேட்டரி ஓரத்தில் டேப்பைப் பிரித்தார்கள். உள்ளே வெட்டின வாயோடு இரண்டு வயர், ஒன்று பழுப்பு, ஒன்று கறுப்பு.

"இரு, நானே வெச்சித் தர்றேன். அஞ்சு நிமிஷ வேல" என்றாள் கிளாரா.

"வேணாம்."

"ஏன்?"

"இங்க வெச்சா, நாளைக்கி அந்தாளு பானெட்டத் தொறந்து பாத்துட்டு, திருட்டுத்தனமா என் பெயிண்ட்ட ஒடச்சான்னு ஊரு பூரா சொல்லுவாரு. ஓட்டுற ஆள மாத்தணும்னு ரெண்டு பேரு முன்னால சொன்னாரு இல்ல. அங்கியே போயி, அவரு கண்ணு முன்னாலயே வெக்கிறேன்."

"ஒனக்குக் கொழுப்பு சித்தி."

"ஆமா" என்றாள் பாக்கியமேரி.

கிளாரா சிரித்துவிட்டு, இரண்டு முனையிலும் கிளிப் வைத்த சாண் நீள வயர் ஒன்றும், ஒர்க்‌ஷாப்பின் டைமிங் லைட்டும் கொடுத்தாள். துப்பாக்கி மாதிரிப் பிடி இருக்கும். முதல் ஸ்பார்க் பிளக்கில் நெருப்பு விழுகிற ஒவ்வொரு தடவையும் அது மின்னும். அந்த மின்னலில் பார்த்தால், இன்ஜின் முன்னால் சுழல்கிற புல்லிச் சக்கரத்தில் உள்ள வெட்டு அசையாமல் நிற்பது போலத் தெரியும். அந்த வெட்டு, பக்கத்துத் தகட்டில் பத்து என்று போட்ட கோட்டுக்கு நேரே நிற்க வேண்டும். கிளாரா ஒரே ஒரு தடவை காட்டினாள், அது போதுமாக இருந்தது.

மதியம் மூன்று மணிக்கு ஷெட்டில் தேவநாதன் டீ குடித்துக்கொண்டிருந்தார். நேற்றைய டிரைவர்களில் ஒருவன் இன்னும் அங்கேயே இருந்தான். பாக்கியமேரி வண்டியை நடு ஷெட்டில் நிறுத்தி, பானெட்டைத் திறந்து, இன்ஜினை ஓடவிட்டாள். சொல்ல வேண்டியதை மறைக்காமல் சொன்னாள். வெட்டின வயரைக் காட்டினாள். கிளிப் மாட்டின வயரை இரண்டு முனைக்கும் இடையில் போட்டாள்.

"இப்ப திருப்புங்கண்ணே. நீங்களே திருப்புங்க. ஒங்க பெயிண்ட்ட நீங்களே எடுங்க."

இதை அவள் மரியாதையாகத்தான் சொன்னாள். அந்த மரியாதையை அவர் வாங்கிக்கொண்டிருக்கலாம். முப்பது வருடப் பெருமை அவரை விடவில்லை.

"ரெண்டு வயர ஒட்டி டைமிங் வெக்கிறதுக்கு எனக்கு நீ சொல்லித் தர்றியா? வெச்சது வெச்சதுதான். அந்த போல்ட்டுல யாரு கைய வெச்சாலும் இந்த ஷெட்டுப் பக்கம் தலை வெச்சிப் படுக்கக் கூடாது. சொல்லிட்டேன்."

விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் பழைய அம்பாசிடரைக் கைதொட்டுப் பார்க்கிறவர் அவர் ஒருவர்தான். நாளைக்கு கிளட்ச் போனாலும் பிரேக் போனாலும் வேறு யாரிடம் போவது என்று அவளுக்குத் தெரியாது. அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. டூல்ஸ் பெட்டியிலிருந்து பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனரை எடுத்தாள்.

போல்ட் லேசில் அசையவில்லை. உடம்பின் பாரத்தை எல்லாம் கையில் கொடுத்து இழுத்தாள். சிவப்பு பெயிண்ட் இரண்டாகப் பிளந்து, ஒரு சில்லு அவள் கட்டைவிரல் மேல் விழுந்தது. டீ கிளாஸோடு நின்ற டிரைவர் வாயைப் பிளந்தபடி நின்றான்.

டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு மயிரிழை திருப்பினாள். சத்தம் மாறியது. இரண்டு மூச்சு விட்டாள், நான்கு விட்டாள், எட்டு விட்டாள். மாறின சத்தம் மாறினபடியே இருந்தது. உள்ளே இருந்தவர் கையைக் கட்டிக்கொண்டுவிட்டார்.

டைமிங் லைட்டை புல்லி மேல் பிடித்தாள். வெட்டு, பத்தாம் கோட்டை விட்டு ஒரு விரல் அகலம் முன்னால் நின்றது. ஒரு விரல் அகலம்! அத்தனை முன்னால் நெருப்பு விழுந்தால் மல்லாட்டை வறுபடாமல் வேறென்ன செய்யும்? மெல்லத் திருப்பி வெட்டைக் கோட்டுக்குக் கொண்டுவந்தாள். கொண்டுவரக் கொண்டுவர இன்ஜின் சத்தம் இறங்கியது. கோட்டில் வந்து நின்றபோது அது மந்தமாக, தூக்கம் கலையாத குரலில் ஓடியது.

தேவநாதன் தன்னை அறியாமல் இரண்டடி முன்னால் வந்திருந்தார். "டல்லா கேக்குது" என்றார். இப்போது அவர் குரலில் கோபம் இல்லை, தொழில்தான் இருந்தது. "பொய் சொல்லல மேரி. ஒரு நூல் முன்ன தள்ளு. அந்த எடத்துல வெச்சா மேடு ஏறாது."

அவர் பொய் சொல்லவில்லை என்பதுதான் கஷ்டம். அவள் காதுக்கும் அது டல்லாகத்தான் கேட்டது. ஒன்றரை வருடமாக அவளும் காதால்தான் வண்டி ஓட்டியிருக்கிறாள். கை தானாக முன்னால் தள்ளப் பார்த்தது. ஒரே ஒரு நூல்தானே என்று தோன்றியது. நாளைக்கு மலை ஏறாவிட்டால், ஊரில் பெரிய மேஸ்திரி சொன்ன பேச்சைக் கேட்காமல் கெட்டாள் என்று சிரிப்பார்கள்.

"ஒங்க நூல் வேணாம்ணே. கோட்டுல நிக்குது" என்றாள். போல்ட்டை இறுக்கினாள்.

பிறகு கிளிப் வயரைக் கழற்றினாள். இன்ஜின் ஒரு தடவை தும்மியது. அப்புறம் உள்ளே இருந்தவர் வேலையை எடுத்துக்கொள்ள, யாரும் தொடாமலே சத்தம் மேலே ஏறி, நிதானத்துக்கு வந்து, சீராக நின்றது. தேவநாதன் கேட்டுக்கொண்டே இருந்தார். அந்தக் காது மோசமான காது இல்லை, என்ன நடந்தது என்று அதற்குப் புரிந்துவிட்டது. ஆனால் காதுக்குப் புரிந்ததை வாய் ஒப்புக்கொள்ள வேண்டுமே.

"இனிமே இங்க வராத" என்றார்.

"வரலண்ணே. ஆனா அடுத்தவன் வண்டியில தொங்குற வயர வெட்டாதீங்க. அது எதுக்குன்னு தெரியலன்னா தொங்கட்டும், விட்ருங்க."

போல்ட் பக்கத்தில் பெயிண்ட் எதுவும் அவள் வைக்கவில்லை. அடையாளத்துக்கு ஸ்க்ரூ டிரைவரால் ஒரு கோடு கீறினாள். வெட்டின இரண்டு வயரையும் தனித்தனியாக டேப் சுற்றி, வெளியே தெரிகிற மாதிரித் தொங்கவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு சீனுவாசன் ஐந்து பேரைப் பொறுக்கினார். ஸ்டாண்டில் உடம்பு பெருத்தவர்களாகப் பார்த்துப் பொறுக்கினார் என்று சொன்னால் அது புகார் ஆகாது, எல்லோரும் பார்த்தார்கள். அவரும் ஒருவர். பாக்கியமேரிக்கு வேண்டியவன் என்று இருந்தது சின்னதுரை மட்டும்தான், அவனும் தொண்ணூறு கிலோ. போதாததற்கு டிக்கியில் இரண்டு ஸ்டெப்னி டயர் ஏற்றச் சொன்னார்.

"ஸ்டெப்னி எதுக்கு செகரெட்டரி? ரூல்ல இல்லியே" என்றான் சின்னதுரை.

"ஏத்துங்க" என்றாள் பாக்கியமேரி. "இன்னும் ரெண்டு இருந்தாலும் போடுங்க."

பழக்கத்தில் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தாள். முருகனும் கோபித்துக்கொள்ளவில்லை. கூட்டேரிப்பட்டில் திரும்பினாள். மயிலம் மலைப் பாதை தொடங்கியதும் இரண்டாவது கியருக்கு வந்தாள். வண்டி ஏறியது. அவள் காது முழுக்க இன்ஜினுக்குள் இருந்தது. மல்லாட்டை எப்போது பொரியும் என்று ஒவ்வொரு அடிக்கும் காத்திருந்தாள். பொரியவில்லை. சூடு காட்டுகிற முள் பாதியில் நின்றது, அங்கேயே இருந்தது.

பாதி மலையில் ஒரு செங்குத்தான வளைவு. பாரம் ஏற்றின வண்டிகள் திணறுகிற இடம் அதுதான். சீனுவாசன் முன்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தார். காதுக்குப் பக்கத்தில் கையைக் குவித்தார்.

"என்னமோ சத்தம் வருதே" என்றார். பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார். "வருதா இல்லியா? நாக்கிங் வருது பாரு."

பின்னால் ஒருவர் கனைத்துக்கொண்டார், ஒருவர் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். வருது என்று ஒரு குரல் சேர்ந்துகொண்டால் போதும். கீழே போய் அது கதையாகும். ஏறினது ஏறினதுதான், ஆனா இன்ஜின் சரியில்லப்பா, நம்பர் குடுக்க முடியாது என்று ஆகும். பதினொரு வருடமாக அவள் பார்த்துக்கொண்டிருக்கிற வேலைதானே.

பாக்கியமேரி அந்த வளைவின் நடுவில் பிரேக்கை மிதித்தாள். சாவியைத் திருப்பினாள். இன்ஜின் அணைந்தது.

"யக்கா! இங்க நிக்காதக்கா!" என்று அலறினான் சின்னதுரை.

"இரு. செகரெட்டரிக்கு என்னமோ சத்தம் கேக்குதாம்." அவள் சீனுவாசன் பக்கம் திரும்பினாள். "நல்லா கேளுங்க. இப்ப இன்ஜின் ஓடல. இன்னும் கேக்குதா?"

மலை மேல் ஒரு மயில் அகவியது. அதைத் தவிர சத்தமில்லை.

"மேல ஏறாதுன்னு யாருக்குத் தோணுதோ, இங்கியே எறங்கிக்கங்க. நானே எறங்கச் சொன்னதா ஒத்துக்கிறேன். நம்பரயும் விட்டுர்றேன். எறங்குங்க."

யாரும் இறங்கவில்லை. கதவுப் பிடியில் கை வைத்த சீனுவாசன் கையை எடுத்துக்கொண்டார். பாக்கியமேரி பிரேக்கை இன்னும் அழுத்தி மிதித்தாள். இந்த அம்பாசிடரின் ஹேண்ட்பிரேக் வெறும் அலங்காரம். காலை எடுத்தால் வண்டி பின்னால்தான் போகும். ஆறு பேர், இரண்டு டயர், செங்குத்து ஏற்றம். யாரும் கேட்காத பரீட்சையைத் தானே வைத்துக்கொண்டோமே என்று ஒரு கணம் தோன்றியது. வைத்தால்தான் என்ன என்று அடுத்த கணமே தோன்றியது.

சாவியைத் திருப்பினாள். முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. முதல் கியர். கிளட்சை அது நடுங்குகிற இடம் வரைக்கும் விட்டு, பிரேக்கிலிருந்து காலை ஆக்சிலேட்டருக்கு மாற்றினாள். வண்டி ஒரு சாண் பின்னால் போனது. பின்சீட்டில் யாரோ முருகா என்றார்கள். பிறகு அது நின்றது, தம் பிடித்தது, ஏறியது. வளைவைத் தாண்டி, இரண்டாவது கியரில், ஒரு பொரி சத்தம்கூட இல்லாமல் மேலே போய் நின்றது.

சின்னதுரைதான் முதலில் இறங்கி, வண்டியைச் சுற்றி வந்து, அதன் கூரையை இரண்டு தட்டுத் தட்டினான். சீனுவாசன் தேங்காயைக் கோயிலுக்கு நேரே காட்டி, கல்லில் உடைத்தார். ஒரே அடியில் சரிபாதியாக உடைந்தது. ஒரு மூடியைக் கையில் எடுத்துக்கொண்டு வண்டியை நோக்கி வந்தார். பாக்கியமேரி கையை நீட்டினாள்.

அவர் அந்தக் கையைத் தாண்டிப் போய், மூடியை பானெட் மேல் வைத்தார்.

கூட வந்தவர்கள் எல்லோருக்கும் திடீரென்று கோபுரத்தில் பார்க்க ஏதோ இருந்தது. சின்னதுரைகூடத் தலையைக் குனிந்துகொண்டான். பாக்கியமேரி நீட்டின கையை மடக்கவில்லை.

"செகரெட்டரி, கையில குடுங்க."

"அதான் வெச்சிருக்கேனே."

"வண்டிக்கு வெச்சிருக்கீங்க. நம்பரு வண்டிக்கு இல்ல, எனக்கு."

"மூடி எங்க இருந்தா என்னம்மா? ஏறுனது ஏறுனதுதான், நம்பரு ஒன்னுதுதான். எடுத்துக்க. ஜல்தி, எல்லாருக்கும் சவாரி இருக்குது."

"எம் புருஷன் எடுத்துக்கினாரு. நான் எடுத்துக்க மாட்டேன். மத்தவங்களுக்கு எப்படிக் குடுத்தீங்களோ அப்படிக் குடுங்க." அவள் இன்னொரு கையால் வண்டிச் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "குடுக்குற வரைக்கும் வண்டி எறங்காது. நீங்க எல்லாரும் நடந்துதான் போவணும். டயரு ரெண்டையும் உருட்டிக்கினு போங்க."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. ஐந்து பேரும் மலைப் பாதையை ஒரு தடவை பார்த்தார்கள். பிறகு மற்ற நாலு பேரும் சீனுவாசனைப் பார்த்தார்கள். ஐந்து தொப்பைகளுக்கும் அந்த இறக்கம் எவ்வளவு தூரம் என்று நன்றாகத் தெரியும். இரண்டாம் நம்பர் வண்டிக்காரர்தான் கடைசியில் வாயைத் திறந்தார். "குடுத்துட்டுப் போங்க செகரெட்டரி. கேக்குறது நியாயந்தானே" என்றார். பதினொரு வருடம் கழித்து வந்த நியாயம். வெயில்தான் அதைக் கூட்டி வந்தது என்றாலும் பரவாயில்லை.

சீனுவாசன் பானெட் மேலிருந்து மூடியை எடுத்தார். அவள் கைக்கு மேலே ஒரு கணம் வைத்திருந்தார், மேலேயிருந்து போட்டுவிடலாமா என்று பார்க்கிறவர் போல. அவள் உள்ளங்கையை இன்னும் மேலே உயர்த்தி அவர் விரல்களோடு சேர்த்தே மூடியைப் பிடித்தாள். அவர் விரல்களை உருவிக்கொள்ளும் வரை விடவில்லை.

இவ்வளவு நேரம் பானெட் மேல் இருந்ததால் மூடி சுட்டது. சூசைமுத்து இருந்தால் இப்போதும் சிரித்திருப்பான் என்று நினைத்தாள். அழுகை வந்தது, அதை அவர்களுக்கு முன்னால் விடுவதாக இல்லை. மூடியை டாஷ்போர்டு மேல், எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் வைத்தாள். இடுப்பிலிருந்து சாவியை எடுத்தாள்.

"ஏறுங்க" என்றாள். "ஏழாம் நம்பருக்கு சவாரி நேரம் ஆவுது."